மொழியால் நின்ற படை

போர்க்களங்களையும் தளபதிகளையும் வெற்றி தோல்விகளையும் கணக்கிடும் வரலாற்று நூல்கள், ஒரு படை எந்த மொழியில் ஆணை பெற்றது, எந்த மொழியில் தன் இறந்தோரை நினைந்து அழுதது என்று வினவுவது அரிது. அவ்வினாவிலிருந்தே பிறந்த காலாட்படைப் பிரிவு ஒன்று கனடா நாட்டில் உண்டு. ‘ராயல் 22ஆம் ரெஜிமென்ட்’ என்பது அதன் பெயர். ஆங்கிலம் கோலோச்சிய இராணுவத்தில் பிரெஞ்சு மொழி பேசும் மக்களின் படையாகத் தோன்றி, நூறாண்டுகளைக் கடந்தும் அம்மொழியிலேயே இயங்கி வருவது அது. மொழியை நேசிப்போர் ஒன்றுகூடிப் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்விலக்கிய வட்டத்தின் மலரில் அதன் கதையைக் கூறுவது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

புறத்திணைப் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வினா அடிக்கடி எழும். களத்தில் வீழ்ந்த மறவனுக்குக் கல் எடுத்து, பெயரும் புகழும் பொறித்து வழிபட்டது நம் மரபு. களத்தில் நிற்க மாட்டாமல் மீண்டவனுக்கு நம் புலவர்கள் எந்தக் கல்லையும் நடவில்லை. அவனும் ஒரு தாயின் மகன்தானே? அவனை நினைவில் கொள்ள வேண்டியவர் யார்? இந்தப் படைப்பிரிவின் வரலாற்றைப் படித்தபோது, நெடுநாளாக என்னுள் இருந்த அவ்வினா புதியதொரு வடிவில் என்முன் வந்து நின்றது.

கோட்டை

கியூபெக் நகரில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றை நோக்கிய உயர்ந்த பாறைமேல் சிட்டடெல் என்னும் கோட்டை அமைந்துள்ளது. 1759 செப்டம்பர் 13 அன்று பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முறியடித்த ஆபிரகாம் சமவெளி அதன் அருகிலேயே இருக்கிறது. அத்தோல்விக்குப்பின் 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையால் பிரெஞ்சுக் கனடா பிரித்தானியருக்கு உரிமையாயிற்று. அமெரிக்கரின் படையெடுப்பை அஞ்சி, 1820இல் தொடங்கிப் பல ஆண்டுகள் முயன்று பிரித்தானியர் கட்டிய கோட்டை இது.

இன்று கோடைக்காலக் காலைகளில் அங்கே காவல் மாற்றும் சடங்கு நடைபெறுகிறது. வீரர்கள் செந்நிற மேலங்கியும் கரடித்தோல் தொப்பியும் அணிந்திருப்பர். இலண்டன் அரண்மனைக் காவலரை ஒத்த கோலம் அது. ஆயினும் முழங்கும் ஆணைகள் பிரெஞ்சு மொழியில் உள்ளன. அணிவகுப்பின்போது ‘பத்தீஸ்’ என்னும் பெயருடைய வெள்ளாடு ஒன்றும் வீரரோடு நடந்து செல்லும். பாரசீக மன்னர் விக்டோரியா அரசிக்குப் பரிசளித்த ஆடுகளின் வழித்தோன்றல் ஒன்றை, 1955இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் இப்படைப்பிரிவுக்கு வழங்கினார். அதன் மரபு இன்றும் தொடர்கிறது. வென்றவரின் கோட்டை, வென்றவரின் உடை, வென்றவரின் அரசியார் தந்த ஆடு, இவற்றின் நடுவே தோற்றவரின் மொழி. இப்படைப்பிரிவின் வரலாற்றை இக்காட்சியிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

பிரெஞ்சில் ‘இருபத்திரண்டு’ என்பதைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திரித்து ‘வான் டூஸ்’ என்றனர். பிறர் பிழைபட ஒலித்த அப்பெயரைப் படையினர் வெறுக்கவில்லை. தமக்குரிய செல்லப் பெயராகவே ஏற்றுக்கொண்டனர். பிரிவின் சின்னத்தில் பீவர் என்னும் கனடிய விலங்கின் உருவமும், ‘ழெ மெ சூவியேன்’ என்னும் குறிக்கோளுரையும் உள்ளன. ‘நான் நினைவில் கொள்கிறேன்’ என்பது அதன் பொருள். கியூபெக் மாநிலத்தின் குறிக்கோளுரையும் அதுவே.

தோற்றம்

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. பிரித்தானியப் பேரரசின் அங்கமான கனடாவும் போரில் இறங்கியது. அந்நாட்டு இராணுவத்தின் கையேடுகளும் பயிற்சிகளும் ஆணைகளும் அன்று ஆங்கிலத்திலேயே அமைந்திருந்தன. முதற்படையில் சேர்ந்த பிரெஞ்சு மொழியினர் ஆங்கிலப் பட்டாளங்களிடையே சிதறடிக்கப்பட்டனர். தம் மேலதிகாரியின் சொல் விளங்காமல் வரிசையில் நிற்கும் நிலை பலருக்கு நேர்ந்தது.

தமக்கென ஒரு பட்டாளம் வேண்டும் என்ற கோரிக்கை பிரெஞ்சுக் கனடியரிடையே எழுந்தது. மான்ட்ரியல் நகரின் மருத்துவரும் மருந்து வணிகருமான ஆர்தர் மிஞ்ஞோ, பட்டாளம் அமைக்க 50,000 டாலர் தருவதாக முன்வந்தார். அக்டோபரில் அந்நகரில் நடந்த பெருங்கூட்டத்தில் முன்னாள் பிரதமர் வில்பிரிட் லாரியே இளைஞரைச் சேரும்படி அழைத்தார். 1914 அக்டோபர் 21 அன்று இருபத்திரண்டாம் பட்டாளம் பிறந்தது.

செயின்ட் ழான் நகரிலும், பின்னர் நோவா ஸ்கோஷியாவின் ஆம்ஹர்ஸ்டிலும் பயிற்சி பெற்ற பட்டாளம், 1915 மே மாதம் கடல் கடந்து, செப்டம்பரில் பிரான்சு மண்ணை அடைந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியினரைக் கொண்ட பட்டாளங்கள் வேறு சிலவும் திரட்டப்பட்டன. ஆனால் அவை கலைக்கப்பட்டு, அவற்றின் வீரர்கள் பிற பட்டாளங்களின் இழப்பை நிரப்ப அனுப்பப்பட்டனர். போர்முனையில் பிரெஞ்சுக் கனடியப் பட்டாளமாகவே நின்று போரிட்டது இருபத்திரண்டாவது ஒன்றுதான். ஆகவே, அது வென்றால் ஓர் இனம் வென்றதாகும். அது தவறினால் ஓர் இனம் தவறியதாகப் பேசப்படும். அந்தச் சுமை முதல்நாள் தொட்டே அதன் தோளில் ஏறியது.

கூர்சலெத்

1916ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பட்டாளத்தின் தலைமை லெப்டினன்ட் கர்னல் தொமா லூயி திராம்பிளேயிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், சொம் போர்க்களத்தில் கூர்சலெத் என்னும் சிற்றூரைக் கைப்பற்றும் பணி அவர் பட்டாளத்துக்கும், நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த 25ஆம் பட்டாளத்துக்கும் அளிக்கப்பட்டது.

செப்டம்பர் 15 மாலையில் தாக்குதல் தொடங்கியது. டாங்கிகள் உலகப் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய நாளும் அதுவே. இடிபாடுகளாகிக் கிடந்த ஊருக்குள் இரு பட்டாளங்களும் புகுந்தன. ஊரைக் கைப்பற்றியதைவிட அதனைக் காத்து நின்றதே கடினமாயிற்று. நீரும் உணவும் உறக்கமுமின்றி, செருமானியரின் எதிர்த்தாக்குதல்களைப் பன்முறை முறியடித்து, மூன்று நாட்கள் அங்கேயே நின்றனர். மீண்டு வந்தோர் சிலரே.

இத்தாக்குதலைக் குறித்துத் திராம்பிளே தம் நாட்குறிப்பில் பதிவு செய்த எண்ணம் நம் கருத்தில் கொள்ளத்தக்கது. பிரெஞ்சுக் கனடியர் பங்கேற்கும் முதற் பெருந்தாக்குதல் இது. அவர்கள் அனைவருடைய மானமும் இதனைச் சார்ந்துள்ளது என்பதே அவ்வெண்ணம். போர்முனையில் நிற்கும் பிற தளபதிகள் தம் படையின் பெயரை எண்ணியிருப்பர். நாட்டின் பெயரை எண்ணியிருப்பர். இவரோ மொழியால் அடையாளம் பெற்ற ஒரு மக்கட்கூட்டத்தின் மானத்தையும் உடன் சுமந்தார். பெரும்பான்மையோர் இத்தகைய சுமையை அறிவதில்லை. அவர்களுள் ஒருவன் தவறினால் தவறியவன் அவன் மட்டுமே.

ஐவர்

கூர்சலெத்தின் புகழை மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். விழாமலர்க் கட்டுரைகள் பலவும் அவ்வாறு செய்வதுண்டு. ஆனால் ‘நினைவில் கொள்கிறேன்’ என்று சூளுரைத்த படையின் வரலாற்றை அவ்வாறு எழுதுவது அச்சூளுரைக்கே பொருந்தாது.

கூர்சலெத்தில் தேர்ந்த வீரர் பலர் மாண்டனர். திராம்பிளேயும் நோயுற்றுக் களத்தை விட்டு விலக நேர்ந்தது. வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்களுள் பலர் போதிய பயிற்சி பெறாதவர். 1916-17ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பட்டாளத்தின் கட்டுப்பாடு குலைந்தது. விடுப்பின்றி முனையைவிட்டு அகன்றோர் தொகை பெருகிற்று. 1917 தொடக்கத்தில் திராம்பிளே மீண்டும் தலைமையேற்றுக் கடுமையான வழியை மேற்கொண்டார். இராணுவ நீதிமன்றங்கள் கூடின. 1917, 1918ஆம் ஆண்டுகளில் அப்பட்டாளத்தைச் சேர்ந்த ஐவர், முனையைவிட்டு ஓடிய குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். துப்பாக்கி ஏந்தியோர் எதிரிகள் அல்லர். அவர் சார்ந்த இராணுவத்தினரே.

அப்போரில் கனடிய இராணுவத்தில் மரணதண்டனை பெற்றுச் சுடப்பட்டோர் 25 பேர். அவர்களுள் இருவர் கொலைக் குற்றத்துக்காகவும், 23 பேர் இராணுவக் குற்றங்களுக்காகவும் சுடப்பட்டனர். களத்தில் நின்ற கனடியக் காலாட்படைப் பட்டாளங்கள் ஏறத்தாழ ஐம்பது. அவற்றுள் ஒரே பட்டாளத்தில் ஐவர் என்பது கூடுதலான விகிதமே. ஏன் இவ்வாறு நேர்ந்தது? ஆங்கிலேய மேலிடத்தின் வெறுப்பே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயினும் கண்டிப்பு உள்ளிருந்தும் வந்தது என்பதை மறைத்தல் இயலாது. இனத்தின் மானம் தம் படையைச் சார்ந்துள்ளது என்று நம்பிய தலைவர், அம்மானத்துக்கு ஊறு நேரக்கூடாது என்பதில் பிறரினும் இறுக்கம் காட்டினார். கூர்சலெத்தில் அப்படையை அசையாது நிறுத்திய உணர்வும், அவ்வைவரை மரத்தூணுக்குமுன் நிறுத்திய உணர்வும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2001 டிசம்பரில் கனடிய அரசு அந்த 23 பேருக்காகவும் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தது. போரில் மாண்டோர் பெயர் தாங்கிய நினைவேட்டில் அவர்கள் பெயரும் எழுதப்பெற்றன. எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, ஐவரும் தம் தோழர்களின் வரிசைக்குத் திரும்பினர்.

இரு முனைகள்

பிரெஞ்சு மொழிக்கான போராட்டம் அக்காலத்தில் ஐரோப்பாவில் நடைபெறவில்லை. அது கனடாவுக்குள்ளேயே நடந்தது. 1912இல் ஒன்டாரியோ மாநில அரசு ‘பதினேழாம் விதிமுறை’யை வெளியிட்டு, பள்ளிகளில் பிரெஞ்சுவழிக் கல்வியைத் தொடக்கத்து இரண்டாண்டுகளோடு நிறுத்த முற்பட்டது. 1916 சனவரியில் ஒட்டாவா நகரின் கீக் பள்ளியில் பிரெஞ்சு மொழியில் கற்பித்த தெலோஜ் சகோதரியர் இருவரை அகற்றக் காவலர் வந்தனர். அங்குக் கூடிய தாய்மார்கள் தம் தொப்பியில் செருகும் நீண்ட ஊசிகளை ஆயுதமாக ஏந்திப் பள்ளியைக் காத்து நின்றனர். கூர்சலெத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன் நடந்த நிகழ்ச்சி இது. மொழிக்காக நின்றோரின் பட்டியலில் அத்தாய்மார்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

‘வீட்டிலேயே எம் மொழிக்கு இடமில்லை, பேரரசுக்காக எம் மக்கள் ஏன் கடல்கடந்து சாக வேண்டும்?’ என்னும் வினா கியூபெக்கில் வலுத்தது. ‘லெ தெவுவார்’ இதழின் நிறுவனர் ஆன்ரி பூராசா அவ்வினாவை ஓங்கிக் கேட்டவர். 1917இல் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் வந்ததும் வெறுப்பு கொதித்தெழுந்தது. 1918ஆம் ஆண்டு ஈஸ்டர் பெருநாளை ஒட்டிக் கியூபெக் நகரில் கலவரம் மூண்டது. ஏப்ரல் முதல்நாள் படையினர் சுட்டதில் பொதுமக்கள் நால்வர் மாண்டனர்.

அந்நாட்களில் இருபத்திரண்டாம் பட்டாளம் பிரான்சின் பதுங்குகுழிகளில் இருந்தது. ஊரில் ‘துரோகிகள்’ என்று ஆங்கில ஏடுகள் தூற்றியதும் அவர்கள் மக்களைத்தான். ஊரில் சுடப்பட்டதும் அவர்கள் மக்கள்தான். முன்னே எதிரியும் பின்னே ஐயமுமாக அப்பட்டாளம் நின்றது. போருக்குச் செல்ல மறுத்தவரும் மொழியின் பெயரால் மறுத்தனர். சென்றவரும் மொழியின் பெயரால் சென்றனர். இருசாராரையும் ஒரே நீதியோடு நோக்குவது வரலாற்றாசிரியரின் கடமை.

நிலைபேறு

1918 சூன் மாதம், நேவில் விதாஸ் என்னும் இடத்தில் செருமானியர் நெருங்கி வந்தபோது, கார்ப்பரல் ஜோசப் கேபிள் தம் இயந்திரத் துப்பாக்கியோடு பதுங்குகுழியின் விளிம்பைத் தாண்டி ஏறி நின்றார். பலமுறை காயமுற்றும் சுடுவதை நிறுத்தவில்லை. தோழர்களை உறுதியோடு நிற்கச் சொல்லியே வீழ்ந்தார். ஆகஸ்டில் அமியன் போரில் லெப்டினன்ட் ழான் பிரியான் இரண்டு நாட்கள் மூன்று முறை காயமுற்றும் தம் வீரர்களை நடத்திச் சென்று, ஆகஸ்டு 10 அன்று உயிர்நீத்தார். இருவர்க்கும் மறைவுக்குப்பின் விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பெற்றது. அம்மாத இறுதியில் ஷெரிசியில் பட்டாளத்தின் அதிகாரிகள் அனைவரும் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். வலக்காலை இழந்த ஜார்ஜ் வனியே அவர்களுள் ஒருவர்.

போர் முடிந்ததும், 1919இல் பட்டாளம் கலைக்கப்பட்டது. நிலையான இராணுவத்தில் அதற்கு இடம் அளிக்கப்படவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த ஒரு பட்டாளத்தைப் போர் முடிந்ததும் மறந்துவிடுதல் தகுமோ என்று கியூபெக்கில் குரல் எழுந்தது. அதன் பயனாக 1920 ஏப்ரல் முதல்நாள் அது நிலையான படைப்பிரிவாக மீண்டும் அமைக்கப்பெற்று, சிட்டடெல் கோட்டையைத் தன் இல்லமாகப் பெற்றது. 1921இல் ‘ராயல்’ என்னும் அடைமொழி கிட்டியது. 1928இல் அதன் பெயரின் பிரெஞ்சு வடிவமே அரசுமுறைப் பெயராயிற்று. ஒரு படையின் பெயர் எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தம் பெயரைப் பிறர் மொழியில் எழுத வேண்டிய நிலையில் வாழ்ந்தோர் அதன் பெருமையை அறிவர்.

இரண்டாம் உலகப்போரில் இப்பிரிவு 1943 சூலையில் சிசிலியில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று, இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்கு அருகில் காசா பெரார்தி என்னும் பண்ணை வீட்டைக் கைப்பற்றக் கேப்டன் பால் திரிக்கே தம் கம்பெனியை நடத்திச் சென்றார். காலையில் புறப்பட்டோருள் இருபதுக்கும் குறைந்தவர்களே அவ்வீட்டை அடைந்தனர். உதவி வரும்வரை அதனைக் காத்தும் நின்றனர். அச்செயலுக்காகத் திரிக்கே விக்டோரியா கிராஸ் பெற்றார். கொரியப் போரில் 1951 நவம்பரில், 355ஆம் குன்றின் அடிவாரத்தில் பனியிலும் குண்டுமழையிலும் நான்கு நாட்கள் தன் நிலைகளைக் கைவிடாமல் நின்றது அதன் இரண்டாம் பட்டாளம்.

களத்தில் பெற்ற இப்பெயர், பின்னர் இராணுவத்தின் மொழிக்கொள்கையையே மாற்றியது. இத்தாலியில் இப்படையை நடத்திய ழான் விக்தோர் அல்லார், 1966இல் கனடிய ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதியானார். அப்பதவிக்கு வந்த முதற் பிரெஞ்சு மொழியினர் அவரே. 1968இல் கியூபெக்கின் வால்கார்த்தியே முகாமில் பிரெஞ்சு மொழியிலேயே இயங்கும் முழுப் படையணி ஒன்று அமைந்தது. காலாட்படையோடு பீரங்கிப்படையும் கவசப்படையும் அம்மொழியில் ஆணை பெற்றன. மறு ஆண்டு, 1969இல், ஆட்சிமொழிகள் சட்டம் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கூட்டரசில் நிகராக்கியது. காலை இழந்த ஜார்ஜ் வனியே 1959 முதல் 1967இல் மறையும்வரை கனடாவின் தலைமை ஆளுநராக விளங்கினார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டிருப்பது தம் படைப்பிரிவின் கோட்டைக்குள்ளேதான்.

பைன் தோப்பு

வரலாறு ஒருவரை என்றும் ஒரே இடத்தில் நிற்க விடுவதில்லை. 1990ஆம் ஆண்டு, மான்ட்ரியலுக்கு மேற்கே கனேசதாகே என்னும் ஊரில் வாழும் மோஹாக் பழங்குடியினர், தம் முன்னோரைப் புதைத்த இடத்தை ஒட்டிய பைன் தோப்பில் கோல்ப் மைதானத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து வழிமறித்தனர். சூலை 11 அன்று காவலரோடு மோதல் ஏற்பட்டு, காவலர் ஒருவர் உயிரிழந்தார். கியூபெக் அரசின் வேண்டுகோளின்பேரில் ஆகஸ்டில் இராணுவம் வந்தது. வந்தவர்களுள் இப்படைப்பிரிவின் வீரர்களும் இருந்தனர்.

செப்டம்பர் முதல்நாள் எடுக்கப்பட்ட ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. முகத்தைத் துணியால் மறைத்த பழங்குடிப் போராளி ஒருவரும், வெறும் முகத்தோடு அசையாது நிற்கும் இருபத்திரண்டாம் படையின் இளவீரர் ஒருவரும் மூக்கோடு மூக்கு உரசும் அளவில் எதிரெதிரே நிற்கின்றனர். தம் மண்ணையும் மூதாதையர் மொழியையும் காக்கப் போராடும் சிறு இனம் ஒருபுறம். தன் மொழியை நிலைநிறுத்த நூறாண்டு போராடிய இனத்தின் மகன் மறுபுறம். எழுபத்தெட்டு நாட்கள் நீடித்த அம்முற்றுகை செப்டம்பர் 26 அன்று முடிவுற்றது. இராணுவத்தினர் பொறுமை காத்தனர் என்று பலரும் பாராட்டினர். உண்மையே. எனினும், அப்படத்தைக் காணும்போது என் உள்ளம் அப்பொறுமையோடு நின்றுவிடுவதில்லை. பள்ளி வாயிலில் ஊசி ஏந்தி நின்ற தாய்மாரின் பேரன்கள், பைன் மரத்தடியில் நின்றோரின் முகத்தில் தம் பாட்டிமாரின் சாயலைக் கண்டிருப்பார்களா?

நிறைவாக

இதன்பின்னும் அப்படைப்பிரிவின் பயணம் தொடர்ந்தது. 1992இல் முற்றுகைக்குள் இருந்த சராயேவோ நகரின் விமான நிலையத்தைத் திறக்கச் சென்றது அதன் முதற் பட்டாளமே. ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் கனடாவின் போர்ப்பணி 2011 சூலையில் நிறைவுற்றபோது, இறுதியாகக் களத்தில் நின்றதும் இப்பிரிவைச் சேர்ந்த வீரரே. 2014இல் அது நூற்றாண்டு கண்டது.

நூறாண்டுகளாக அதனை நிலைநிறுத்தியது எது? அதன் வீரர்கள் பிறரினும் துணிந்தவர் என்று கூறுவது பிற படைகளுக்கு இழைக்கும் அநீதி. அவர்கள் தம் அச்சத்தையும் துணிவையும் தாய்மொழியில் உணர்ந்தனர். ஆணையும் சாபமும் பாட்டும் இறுதி வேண்டுதலும் அவர்கள் காதில் ஒரே மொழியில் விழுந்தன. பெரும்பான்மையின் இயந்திரத்துக்குள் சென்றும் தன் நாவை இழக்காமல் வாழ முடியும் என்பதை அது காட்டியது. அதற்கு அது கொடுத்த விலையையும் உடன் காட்டியது. ஒரு மொழியின் பெயரால் நிற்போர் அம்மொழியினர் அனைவருக்காகவும் வெல்கின்றனர்; அனைவருக்காகவும் தவறவும் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் எல்லை மீறும்போது தம்முள் தளர்ந்தவரைத் தாமே பலியிடுகின்றனர்.

மொழிக்காக இயங்கும் எவர்க்கும், எழுதுகோல் ஏந்தியவர்க்கும், இச்செய்தி உரியது. நம் மொழியின் பெருமையைப் பாடுகையில், அப்பெருமைக்கு ஏற்ப நில்லாதவரை நாம் எங்கே வைக்கிறோம்? பிழையோடு பேசுபவர், பிறமொழிக்குச் சென்றுவிட்டவர், தளர்ந்தவர், இவர்க்கெல்லாம் நம் நினைவில் இடம் உண்டா? நினைவு என்பது வென்றவரின் பெயரை மட்டும் பொறித்த கல்லாயின், அது பாதிக் கல்லே. சிட்டடெல் கோட்டையின் நினைவாலயத்தில் வனியே துயில்கிறார். கேபிளின் பெயரும் பிரியானின் பெயரும் புகழோடு வழங்குகின்றன. அந்த ஐவரின் பெயரும் நினைவேட்டில் ஏறிய பிறகே, ‘நான் நினைவில் கொள்கிறேன்’ என்னும் தொடர் தன் முழுப்பொருளைப் பெற்றது. பத்தாண்டு கண்ட நம் வட்டம் நூறாண்டு காணட்டும். அன்று நம் நினைவேட்டைப் புரட்டுவோர், தளர்ந்தவரின் பெயரையும் அதில் காணட்டும்.